மூன்று உருளை, ஒரு பெல்ட்: வீட்டுக்குள் ரோலரில் சைக்கிள் ஓட்டப் பழகுவது

கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். 26 வருடமாகப் பெல்ட், பேரிங், ரோலர் இவற்றோடுதான் பிழைப்பு. சைக்கிள் பைத்தியம் பிடித்தது அதற்கும் முன்னால். லீவு நாளில் விடிவதற்குள் கிளம்பி ஆனைகட்டி வரை போய்விட்டு வருவேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு, அந்த 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடுவேன். ஆனால் ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு நினைத்த நேரத்தில் ரோடு கிடைக்காது. அரை நைட் ஷிப்ட் முடிந்து ராத்திரி நேரங்கழித்து வந்து படுத்தால் எழவே நேரமாகிவிடும். எழுந்து பார்த்தால் ரோடு முழுக்க பஸ்ஸும் லாரியும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே பக்கவாட்டில் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இப்படியே வருடத்தில் பாதி நாள் சைக்கிள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ரோலருக்கு வந்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாளாவது வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் என் அக்கா மகளுக்கும் கற்றுக் கொடுத்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளி சைக்கிள் போட்டிகளில் ஓடுகிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான், நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பது எனக்கே புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரோலர் என்றால் என்ன

ஒரு நீளமான சட்டம். அதில் குறுக்காக மூன்று உருளைகள். பின் சக்கரம் இரண்டு உருளைகளுக்கு நடுவில் உட்காரும். முன் சக்கரம் மூன்றாவது உருளையின் மேல் நிற்கும். பெடல் மிதித்தால் பின் சக்கரம் அந்த இரண்டு உருளைகளையும் சுற்றும். நடு உருளையிலிருந்து முன் உருளைக்கு ஒரு பெல்ட் போகிறது. அதனால் முன் சக்கரமும் அதே வேகத்தில் சுற்றும். அவ்வளவுதான் மெஷின். மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம்.

ட்ரெயினர் என்று ஒன்று இருக்கிறது, அது வேறு. அதில் சைக்கிளின் பின்பகுதியைப் பிடித்து இறுக்கிவிடுவார்கள், பேலன்ஸ் பற்றிக் கவலையே இல்லை. ரோலரில் சைக்கிளை யாரும், எதுவும் பிடித்திருக்காது. ரோட்டில் ஓட்டுவது போலவே நாம்தான் நிமிர்த்தி ஓட்ட வேண்டும். உருளையின் அகலம் ஒன்றே கால் அடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நமக்குக் கிடைக்கிற ரோடு அவ்வளவுதான். வேலோடிரோமில், அதாவது சைக்கிள் ரேஸுக்கென்றே கட்டிய சுற்று மைதானத்தில், ரேஸுக்கு முன்னால் டிராக் வீரர்கள் நடு மைதானத்தில் ரோலரில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மடக்கி எடுத்துப் போகலாம், நிமிடத்தில் விரிக்கலாம், காலும் உருண்டையாகச் சுற்றப் பழகும். அதனால்தான் அவர்கள் அதை விடுவதில்லை.

கால் பலம் ஏற்றுவதற்கு ட்ரெயினர் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டும் விதத்தைத் திருத்த ரோலருக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் அனுபவம். கால் குதித்தால், தோள் இறுகினால், ஒரு கால் மற்றதைவிட அதிகமாக அழுத்தினால் அந்த நொடியே முன் சக்கரம் ஆடிக் காட்டிவிடும். ரோட்டில் இந்தத் தப்புகளோடு இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

வாங்குவதா, செய்வதா

இத்தாலியின் எலைட், நெதர்லாந்தின் டாக்ஸ், அமெரிக்காவின் கிரைட்லர் எல்லாம் பேர் வாங்கிய ரோலர்கள். புதிதாகப் பழகுகிறவர் வாங்கினால், எலைட்டின் ஆரியன் மாதிரி நடுவில் ஒடுங்கி இரண்டு ஓரமும் கொஞ்சம் பெருத்திருக்கும் உருளை உள்ளதாகப் பாருங்கள். சக்கரம் ஓரத்துக்கு நகர்ந்தால் அந்த மேடு நடுவுக்குத் திருப்பிவிடும். இன்னொன்று உருளையின் பருமன். உருளை சிறிதாக இருந்தால் டயர் அதிகம் அழுந்தும், மிதிக்கக் கனமாக இருக்கும். கிரைட்லர் 4.5 அங்குலம், 3 அங்குலம், 2.25 அங்குலம் என்று மூன்று பருமனில் செய்வது இதற்காகத்தான். பழகுவதற்குப் பெரிய உருளையே நல்லது.

நான் வாங்கவில்லை, செய்துகொண்டேன். லேத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்பை 40 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் நைலான் மூடி கடைந்து, 6202 நம்பர் பேரிங் ஏற்றி, 15 மில்லிமீட்டர் ஷாஃப்டில் மாட்டினேன். சட்டத்துக்கு இரும்பு ஆங்கிள். பெல்ட்டுக்கு, மில்லில் நாங்கள் பயன்படுத்துகிற மாதிரி 6 மில்லிமீட்டர் உருண்டை பாலியூரித்தேன் பெல்ட். மில் ஸ்டோர்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கடையிலிருந்து வருகிற பிவிசி பைப் முழு வட்டமாக இருக்காது. கையில் தடவினால் தெரியாது, டயர் ஏறியதும் தெரியும். என் முதல் உருளைகளை அப்படியே மாட்டினேன். 20 கிலோமீட்டர் வேகத்திலேயே பல்லெல்லாம் அதிர்ந்தது. மூடியும் பேரிங்கும் மாட்டிய பிறகு, அதே ஷாஃப்டில் வைத்து லேத்தில் மேல்பரப்பை லேசாக ஒரு சுற்று கடைந்து வாங்கினேன். அதற்கப்புறம்தான் உருளை உருளையாக இருந்தது.

பெல்ட் ஒட்டும் விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, சூடான தகட்டில் வைத்து உருக்கி, ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, நன்றாக ஆறவிட வேண்டும். அப்புறம் பிதுங்கி நிற்பதை பிளேடால் சீவ வேண்டும். மில்லில் நூறு தடவை செய்த வேலை. வீட்டில் அன்றைக்கு ஆறுவதற்குப் பொறுமை இல்லாமல் மாட்டிவிட்டேன். இரண்டாவது வாரம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஜாயிண்ட் விட்டுவிட்டது. முன் சக்கரம் வேகம் குறைந்து நிற்கப் போனதும் ஹேண்டில் பார் கையில் நடுங்கியது. இரண்டு மூன்று நொடிதான், இடது பக்கம் சாய்ந்துவிட்டேன். முழங்கால் பத்து நாள் வீங்கியிருந்தது. முன் சக்கரம் சுற்றுவதால்தான் பேலன்ஸ் நிற்கிறது என்பதை அந்த முழங்கால்தான் கற்றுக் கொடுத்தது. அதிலிருந்து ஓட்டுவதற்கு முன்னால் பெல்ட்டைப் பார்க்காமல் சீட்டில் உட்காருவதில்லை. ஸ்பேர் பெல்ட் ஒன்றை உருளைகளைச் சுற்றி முன்கூட்டியே போட்டு, சட்டத்தோடு கட்டியும் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் பெல்ட் மாற்ற ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

முன் உருளையின் இடம்

பழகுகிறவர்கள் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். சைக்கிளுக்குச் சைக்கிள் இரண்டு சக்கரங்களுக்கும் உள்ள தூரம் மாறும். ரோடு பைக் என்றால் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். அதற்குத் தகுந்தபடி முன் உருளையை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்க ரோலர் சட்டத்தில் துளைகள் இருக்கும்.

சைக்கிளை ரோலர் மேல் ஏற்றி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு சீட்டில் உட்காருங்கள். முன் சக்கரத்தின் அச்சிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொத்தனார் குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். உருளையின் நடு அச்சு அந்த நூலுக்கு நேர் கீழே, அல்லது நூலுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். உருளை பின்னால் போய்விட்டால், அதாவது சக்கரத்தின் அச்சு உருளையைத் தாண்டி முன்னால் நின்றால், ஹேண்டில் பார் துடித்துக்கொண்டே இருக்கும், எந்த நேரமும் முன்பக்கம் உருண்டு இறங்கிவிடுவது போல இருக்கும். என் அக்கா மகளின் சைக்கிள் என்னுடையதைவிடச் சின்னது. முதல் நாள் என் அளவிலேயே அவளை ஏற்றிவிட்டேன், பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லாமலே தடுமாறினாள். ஒரு துளை மாற்றி மாட்டியதும் சரியாகிவிட்டது.

தரை சமமாக இருக்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் சட்டத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரையில் சட்டம் நழுவும். அடியில் ரப்பர் பாய் போடுங்கள், கீழ் வீட்டுக்குச் சத்தமும் குறையும். எங்கள் கீழ் வீட்டு அம்மா ஒரு நாள் மேலே வந்து, "தம்பி, ராத்திரி பதினோரு மணிக்கு மேல கிரைண்டர் ஓடற மாதிரி கேக்குதுங்க" என்றார். அடுத்த நாளே பழைய ரப்பர் பாயை இரண்டாக மடித்துப் போட்டேன். அரை நைட் முடிந்து வந்து ஓட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

டயர் வழவழப்பாக இருக்க வேண்டும். மலைச் சைக்கிளின் கட்டை டயர் இதற்கு ஆகாது, சத்தமும் அதிர்வும் தாங்காது. காற்று நன்றாக அடியுங்கள். என் 25 மில்லிமீட்டர் டயருக்கு 95 பிஎஸ்ஐ வைக்கிறேன். ரோட்டில் ஓடிவிட்டு வந்த டயரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு ஏற்றுங்கள். ஒரு சின்னக் கல் ஒட்டியிருந்தாலும் உருளையில் கோடு போடும்.

முதல் பத்து நிமிடம்

ரோலரை வாசற்படிக்கு நடுவில் போடுங்கள். ஹேண்டில் பார் இருக்கிற இடத்துக்கு நேராக நிலைக்கால் வர வேண்டும். இரண்டு பக்கமும் முழங்கை எட்டுகிற தூரத்தில் மரம் இருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழ மாட்டீர்கள். ஏறி இறங்குவதற்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல். பெடலோடு மாட்டிக்கொள்கிற கிளீட் ஷூ போடுகிறவர்கள் முதல் வாரம் சாதாரண ஷூவும் சாதாரணப் பெடலும் போட்டுக்கொள்வது நல்லது.

விழுந்தால் சைக்கிள் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். என் அக்காவும் அதையேதான் கேட்டாள். அப்படி நடக்காது. ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உடம்பும் சேர்ந்து ஓடுகிறது. ரோலரில் நம் உடம்பு நின்ற இடத்திலேயே இருக்கிறது, சுற்றுவது சக்கரம் மட்டும்தான். சக்கரம் உருளையை விட்டுத் தரையில் இறங்கினால் கொஞ்சம் முன்னால் தள்ளும், நடக்கிற வேகத்துக்கு மேல் வராது. பெரும்பாலும் பக்கவாட்டில்தான் சாயும். அதனால் எதிர்ச்சுவரைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கத்தில் கூரான மேஜை விளிம்பு, கண்ணாடி அலமாரி எதுவும் இல்லாமல் பாருங்கள்.

கியரை நடுத்தரமாகப் போடுங்கள். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் நடுவில் ஒன்று. ரொம்ப லேசான கியரில் மிதித்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் ஆட்டம் அதிகம். இது எல்லோரும் செய்கிற தப்பு. பயத்தில் மெதுவாக மிதிப்பார்கள், மெதுவாக மிதிப்பதாலேயே ஆடும். சின்ன வயதில் சைக்கிள் கற்றபோது அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு "மிதி, மிதி" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா? அதே விஷயம்தான்.

வலது கையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு, இடது கையை ஹேண்டில் பாரில் வைத்து மிதிக்க ஆரம்பியுங்கள். பிடித்த கையில் பாரம் குறைந்து வருவது உங்களுக்கே தெரியும். பிடி விரல்நுனியாகக் குறையும், அப்புறம் தொடுவது மட்டும். அந்த நேரத்தில் கையை எடுத்து ஹேண்டில் பாரில் வையுங்கள். ஐந்து நொடி நின்றால் மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பது தோல்வி இல்லை.

கண் எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் எல்லாம். முன் சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. சக்கரத்தைப் பார்த்தால் அது நகர்ந்த பிறகு திருத்துவீர்கள், திருத்தியது அதிகமாகிவிடும், மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துவீர்கள். பத்து அடி தள்ளி நேர் எதிரே ஒரு புள்ளியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது காலண்டர். அக்கா மகள் முதல் இரண்டு நாளும் குனிந்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். மூன்றாவது நாள் காலண்டரிலிருந்து அந்த மாதத்து நல்ல நேரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பத்தாம் தேதி வரை படித்தாள். "மாமா, கையை எடுக்கட்டுமா?" என்றாள். "நீ எடுத்து ஒரு நிமிஷம் ஆச்சு, கண்ணு" என்றேன். தன் கை நிலைக்காலில் இல்லை என்பதையே அவள் கவனிக்கவில்லை.

ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல விரல்களை வைத்தால் போதும். முழங்கை மடங்கியிருக்கட்டும், தோள் காதுக்கு ஏறாமல் இருக்கட்டும், வாயைத் திறந்து மூச்சு விடுங்கள். மூச்சை அடக்கினால் தோள் தானாகவே இறுகும்.

நடுவில் மிதிப்பதை நிறுத்தாதீர்கள். ரோட்டில் கால் ஓய்ந்தாலும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே சில நொடிகளில் சக்கரம் நின்றுவிடும். காலிங் பெல் அடித்தால் திரும்பிப் பார்க்காதீர்கள், தலை திரும்பினால் தோள் திரும்பும், சக்கரமும் கூடவே போகும். இறங்க வேண்டுமென்றால் மெதுவாக மிதித்துக்கொண்டே முதலில் நிலைக்காலைப் பிடியுங்கள். பிடித்த பிறகு மிதிப்பதை நிறுத்தி, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, சக்கரம் நின்றதும் ஸ்டூலில் கால் வையுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது.

முதல் வாரம் தினம் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போராடுவதைவிட இது மேல்.

பழகிய பிறகு

கை விட்டு ஓட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஒரு கையை முழங்காலில் வைப்பது, அப்புறம் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு திருப்பி வைப்பது, அப்புறம் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது என்று வரிசையாகப் போங்கள். பாட்டில் எடுக்கும்போது இடுப்பு அசையக் கூடாது, கை மட்டும் போய் வர வேண்டும். இந்தப் பழக்கம் ரோட்டில் அப்படியே உதவுகிறது. அவிநாசி ரோட்டில் பின்னால் வருகிற லாரியைத் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் கோடு மாறாமல் போவது எனக்கு ரோலருக்கு அப்புறம்தான் வந்தது.

வேகமானியில் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். காற்றின் எதிர்ப்பு இல்லை, அதனால் 40 காட்டும். பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதைத்தான். மீட்டர் இல்லாவிட்டால் வலது முழங்கால் மேலே வருவதை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 23 வந்தால் 92. 90க்கும் 100க்கும் நடுவில் வைத்து ஓட்டப் பழகுங்கள்.

நான் மழைநாளில் வழக்கமாகச் செய்வது இதுதான். பத்து நிமிடம் லேசாக. அப்புறம் ஒரு நிமிடம் 100 சுற்று, இரண்டு நிமிடம் சாதாரணமாக, ஒரு நிமிடம் 110, மறுபடி இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் 120. எந்த இடத்தில் சீட்டில் குதிக்க ஆரம்பிக்கிறீர்களோ அதுதான் உங்கள் எல்லை. கால் கீழே போய் முடிகிற இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் இடுப்பு எகிறுகிறது. ஷூவின் அடியில் ஒட்டிய சேற்றைப் படியில் வழிப்பது போல, கீழே வந்ததும் காலைப் பின்னால் இழுங்கள், குதிப்பது குறையும். இதற்குப் பிறகு கனமான கியரில் எட்டு நிமிடம், நான்கு நிமிட ஓய்வோடு மூன்று தடவை. ஒரு முழு வாக்கியம் பேச முடியாத, ஆனால் மூன்று நான்கு சொல் பேச முடிகிற அளவு மூச்சு வாங்க வேண்டும். கடைசியில் ஐந்து நிமிடம் லேசாக.

மலை ஏறுவதற்கு வேண்டிய கனம் என் மாதிரிப் பெரிய உருளையில் வராது. டயரில் காற்றை 70 வரை குறைத்தால் கொஞ்சம் கனம் கூடும். உருளையின் அடியில் துண்டை மடித்து உரச வைப்பது பழைய வழி. அலுமினிய உருளைக்குச் சரி, பிவிசி சூடாகி இளகிவிடும் என்பதால் நான் செய்வதில்லை. எழுந்து நின்று மிதிப்பதை அவசரப்பட்டு முயற்சிக்க வேண்டாம். நிற்கும்போது சைக்கிளை இடமும் வலமும் ஆட்டுவது ரோட்டுப் பழக்கம், இங்கே அது உருளையை விட்டு இறக்கிவிடும். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்தே ஓட்டுவதால் மரத்துப்போகும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கியரைக் கனமாக்கி, இடுப்பைச் சீட்டிலிருந்து அரை அங்குலம் தூக்கி நான்கைந்து சுற்று மிதித்துவிட்டு உட்காருங்கள். நான் இன்னும் அவ்வளவுதான் தூக்குகிறேன்.

வியர்வை

எவ்வளவு சொன்னாலும் இதைச் சிலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ரோட்டில் போகும்போது எதிர்க்காற்றே வியர்வையைக் காயவைத்துவிடும். வீட்டுக்குள் காற்று இல்லை. இருபதாவது நிமிடத்தில் மூக்கு நுனியிலிருந்து சொட்டும். அதே வேகத்தில் ஓட்டினாலும் நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். சீலிங் ஃபேன் பத்தாது. பெடஸ்டல் ஃபேனை நேர் எதிரே, நெஞ்சுக்கு அடிக்கிற உயரத்தில் வையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றால் நானும் நிறுத்திவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் மதிய நேரம் ஓட்டுவதே இல்லை.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. எனக்கு ஒரு மணி நேரத்தில் சுலபமாக அவ்வளவு போகிறது. ஹேண்டில் பாரிலிருந்து சீட் வரை ஒரு துண்டை விரித்து வைத்தால் சைக்கிளுக்கும் நல்லது. உப்பு வியர்வை போல்ட்டுகளை அரித்துவிடும், முன்பக்க பேரிங்கில் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். உருளையில் சொட்டினால் டயர் வழுக்கும், உடனே துடைக்க முடியாது என்பதால் சொட்டாமல் பார்த்துக்கொள்வதே வழி. குடிக்க, உப்புப் போட்ட நீர்மோர். வீட்டுக்காரம்மா சொம்பில் கலந்து ஸ்டூலில் வைத்துவிடுவார், நடுவில் தண்ணீர், முடித்ததும் அது.

குழந்தைகள்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஓட்டும்போது அறைக்குள் அவர்கள் இருக்கவே கூடாது. சுற்றுகிற ஸ்போக் கண்ணுக்கே தெரியாது, பிள்ளைகளுக்கோ அதைத் தொட ஆசையாக இருக்கும். உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போனால் என்ன ஆகும் என்பதை மில்லில் இருக்கிற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் வாசற்படியில் போட்டு ஓட்டுவதால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். அதனால் வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நேரத்தில் மட்டும்தான் ஏறுகிறேன். நன்றாகப் பழகிவிட்டவர்கள் ரோலரை உள் அறைக்கு மாற்றிச் சுவரோரம் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். வேட்டி, துப்பட்டா, தொங்குகிற துண்டு எதுவும் கூடாது. பின்னல் போட்டவர்கள் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள்.

முடித்த பிறகு

இறங்கியதும் முதலில் உருளை மூன்றையும் ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். டயரிலிருந்து உதிர்கிற கருப்புப் பொடி உருளையில் படிந்து கெட்டியானால் பிறகு சுரண்ட வேண்டியிருக்கும். சைக்கிளின் செயினுக்கு ரோட்டில் ஓட்டுவது போலவே எண்ணெய் போடுங்கள், ஆனால் அதிகமாக வழிந்து பின் உருளையில் சொட்டாமல் பாருங்கள். சீல் வைத்த பேரிங்குகளுக்கு கிரீஸ் வேண்டாம். உருளையை விரலால் சுண்டிவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். சரசரவென்று மணல் உரசுகிற சத்தம் வந்தால் அந்த ஒரு பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். ஆறு வருடத்தில் நான் இரண்டு மாற்றியிருக்கிறேன்.

அப்புறம் சட்டத்தைச் சுவரோரம் நிறுத்தி வைப்பேன். நிறுத்துவதற்கு முன்னால் பெல்ட்டைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று இழுத்து, ஜாயிண்ட் வருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். இப்போது அக்கா மகளும் நான் சொல்லாமலே அதைச் செய்கிறாள்.